கொக்கியைப் பற்றி வந்த புகார்கள்

ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் பொதுவாக நல்லவர்கள்தான். அவர்கள் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம். இணையத்தில் ஒரு பொருளை வாங்கி, அதைப் பாதிகூடப் பிரித்துப் பார்க்காமல் ‘மகா மட்டம்’ என்று எழுதிவிட்டுப் போகிறவரைப் போனில் கூப்பிட்டு, “சொல்லுங்க, என்னாச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் தன் முதுகுவலியிலிருந்து மருமகன் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவார். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் செய்த வேலையை நீங்கள் லேசாக நினைத்துவிடக் கூடாது.

நீங்கள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். “உங்க மேல ஒன்னும் இல்லம்மா, போய் ரெஸ்ட் எடுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவரைக் கூப்பிடுங்கள். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவள் என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், நான் பெரியவள். ஒரே வீடு, மாடியில் நாங்கள், கீழே அவர்கள். கீழ்வீட்டின் முன்னறைதான் அவள் கடை. கடை என்றால் பெயர்ப் பலகையெல்லாம் கிடையாது. ஒரு தையல் மெஷின், துணி அடுக்கிய அலமாரி, பார்சல் கட்டுகிற நீள மேசை, மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்துதான் அவள் குழந்தை ஊஞ்சல் தைத்து விற்றாள். தடித்த துணியில் ஒரு இருக்கை, நான்கு கயிறு, நான்கும் மேலே ஒரு வளையத்தில் சேரும். வளையத்தைத் தாங்குவது ஒரு கொக்கி. கதவு நிலையில் ஒரு ஆணி அடித்தால் போதும், மாட்டிவிடலாம். கொக்கியின் வாயில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். ஸ்பிரிங் அந்த நாக்கை அழுத்தி மூடி வைத்திருக்கும். இது ஞாபகமிருக்கட்டும்.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில். வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று காட்டுக்கத்தலாகக் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது என் பிழைப்பு. என் குரலுக்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. ‘அந்தம்மாகிட்ட லைனைக் குடுங்க’ என்றால் அது நான்தான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. அப்போதுதான் சின்னவள் மாடிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அக்கா, உங்க வாய்க்கு முன்னாடி யாரு நிப்பா? இந்தத் திட்டுறவங்களை நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கோடிப் புண்ணியமா இருக்கும்.”

அவளுக்குத் திட்டைத் தாங்கத் தெரியாது. ஒருவர் எழுதியிருந்தார்: ‘படத்தில் இருக்கிற குழந்தை சிரிக்கிறது. எங்கள் குழந்தை சிரிக்கவில்லை.’ ஒற்றை நட்சத்திரம். இன்னொருவர், ‘நீலம் கேட்டேன், நீலம்தான் வந்தது, மனைவிக்குப் பிடிக்கவில்லை.’ ஒருத்தர் நாயை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, நாய் ஏறவே மாட்டேன் என்கிறது என்று எழுதினார். இதற்கெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். “நீ இதையெல்லாம் பாக்காத. உனக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது” என்று சொல்லிக் கடைப் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வாங்கியவர்கள் எழுதியது எதுவும் என் கண்ணில் படாமல் அவளிடம் போகவில்லை. நல்லதை மட்டும் படித்துக் காட்டுவேன். என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் எனக்கு நிம்மதி இருந்தது.

இப்போது நான் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். அவள் ஊஞ்சல் விற்ற இணையத் தளத்தில் ஒரு விதி உண்டு. வாங்கியவர் பொருளைக் குறை சொன்னால் அது கடையின் பக்கத்தில் நிற்கும். பார்சல் வந்த விதத்தைக் குறை சொன்னால் அது கடையின் தப்பு இல்லை, எடுத்துவிடுவார்கள். இதைப் படித்துத் தீர்மானிப்பது மனிதர் இல்லை, மெஷின். குறிப்பில் பார்சல் பேச்சு அதிகமாக இருந்தால் அதற்குப் போதும். ஆகவே நான் கூப்பிட்டுப் பேசுவேன்.

“தம்பி, பார்சல் எப்ப வந்துச்சு?”

“சொன்ன நாளைவிட லேட்டாத்தான் வந்துச்சு.”

“அச்சச்சோ. பெட்டி நல்லா இருந்துச்சா?”

“ஒரு மூலை நசுங்கித்தான் இருந்துச்சு.”

“அதையும் எழுதுங்க தம்பி. நீங்க நாலு வரி எழுதினாத்தான் நாங்க அவங்க சட்டையைப் பிடிச்சுக் கேக்க முடியும்.”

அவரும் உற்சாகமாகப் போய், எழுதியதைத் திருத்தி, பார்சலைப் பற்றி ஒரு பாட்டம் தீட்டிவிடுவார். நான் உடனே தளத்துக்கு முறையிடுவேன். மறுநாள் அந்தக் குறிப்பு இருந்த இடம் தெரியாது. ஒரு ஆர்டருக்கு ஒரு தடவைதான் எழுத முடியும், அதனால் அவர் மறுபடி வந்து எழுதவும் முடியாது. பணத்தைத் திருப்பி அனுப்பி, பொருளை வாங்கிக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. முறையிடும்போது தளம் ஒரு கேள்வி கேட்கும்: தாமதம் யாரால், வீட்டுக்கு வந்து எடுத்துப் போனவராலா, கொண்டுபோய்க் கொடுத்தவராலா? கொடுத்தவர் என்றால் ஆயிரம் விசாரணை. எடுத்துப் போனவர் என்றால் நம் வார்த்தையே போதும். நான் எப்போதும் எடுத்துப் போனவர் என்றே சொன்னேன்.

எங்கள் வீட்டுக்கு வந்து பார்சல் எடுத்துப் போகிறவர் ஒரே ஆள்தான். தினமும் மத்தியானம் வருவார். வியர்வையும் சிரிப்புமாக நிற்பார். அவளை மேடம் என்பார், என்னை அம்மா என்பார். ஒரு நாள் வாசலில் நின்று, “ஏன்னே தெரியல மேடம், எனக்கு மார்க் குறைஞ்சுக்கிட்டே வருது. நான் லேட்டா வந்ததே இல்லையே” என்றார். சின்னவள் பதறிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் கம்பெனிக்கு அவரைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதிப் போட்டாள். நான் மேசையில் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வேலை என்று வந்தால் யாராவது ஒருத்தர் தலையில்தான் போய் விடிகிறது.

அநியாயமாகத் திட்டியவர்களுக்கு நான் செய்தது இவ்வளவுதான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. கடையின் பக்கம் பளிங்கு மாதிரி இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். “உங்க கை ராசி” என்றார்கள். என் கணவர்கூட, “சின்னவ கெட்டிக்காரி, ஒரு ஆளு குறை சொல்லலையே பாத்தியா” என்று என்னிடமே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அவருக்குச் சாப்பாடு போட்டேன்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடைக்கூடத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவள் சிறுமியாக இருந்தபோது நான் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவேன். சின்னவளுக்குக் குழந்தை இல்லை. தலை பின்னி விடுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, காய்ச்சலில் பக்கத்தில் படுப்பது, எல்லாம் அவள்தான். நான் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒளிக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு முதலிலிருந்து சொல்லிப் புரியவைக்க நேரமாகும், அதனால்.

கர்ப்பமானபோது அவள் முதலில் சொன்னது சித்தியிடம். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மகள் என்னிடம் சொன்னபோது பக்கத்தில் நின்ற சின்னவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவ வாயால உங்ககிட்ட சொல்லணும்னுதான்க்கா நான் வாயே திறக்கல” என்றாள். எனக்கு விட்டுக்கொடுத்தாளாம். என் பெண் என்னிடம் பேசுவதை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். வயிறெரிந்தது என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், எரிந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். நான் கோபக்காரி இல்லை. அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பேத்தி பிறந்த சமயத்தில் கொக்கி கொடுக்கிற பழைய வியாபாரி கடையை மூடிவிட்டார். புது ஆளிடமிருந்து சரக்கு வந்தது. பார்ப்பதற்கு அதேதான், கொஞ்சம் கூடவே பளபளப்பு. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவள் இல்லை. ஒவ்வொரு சரக்கு வரும்போதும் ஒரு மண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, முழுநாள் அப்படியே விட்டுப் பார்ப்பாள். அந்தச் சரக்கையும் பார்த்தாள். தாங்கியது. மூட்டை ஆடாது, குழந்தை ஆடும். அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதல் புகார் ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. ‘சில வாரம் ஆட்டினோம். இன்று கொக்கி தானாகத் திறந்துகொண்டது. நல்லவேளை, நான் குழந்தையைக் கையில் பிடித்திருந்தேன். யாரும் வாங்காதீர்கள்.’

இது அநியாயமான புகார் இல்லை என்று படித்ததுமே தெரிந்தது. எத்தனையோ வருஷம் புகார் கேட்டவளுக்கு எழுத்தைப் பார்த்தாலே தெரியும்; பொய் சொல்கிறவர்கள் நிறைய எழுதுவார்கள். நான் கீழே போய் மேசைமேல் இருந்த புதுக் கொக்கியில் ஒன்றை எடுத்து, நாக்கைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிங் சோர்ந்துபோய் நாக்கு பாதியில் நின்றது. பழைய கொக்கியில் அப்படி ஆகாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவளைத் தேடிப் போனேன். உண்மையிலேயே சொல்லத்தான் போனேன்.

அவள் உள்ளறையில் என் மகளோடு வீடியோ காலில் இருந்தாள். குழந்தையை எப்படிக் குப்புறப் போட்டுத் தட்ட வேண்டும் என்று தலையணையை வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கதவருகே நின்றது போனில் தெரிந்திருக்க வேண்டும். என் மகள் குரல் கேட்டது.

“சித்தி, பின்னாடி அம்மா நிக்கிறாங்க. அம்மாகிட்ட அப்புறம் பேசுறேன்னு சொல்லிடுங்க.”

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நானும் மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

மேலே வந்து யோசித்தேன். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. இதைச் சொன்னால் என்ன நடக்கும்? அவள் அந்த நிமிஷமே விற்பனையை நிறுத்துவாள். வாங்கிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “தப்பு எங்களோடது, கழட்டிடுங்க” என்பாள். கைக்காசைப் போட்டுப் புதுக் கொக்கி அனுப்புவாள். ஊரே ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா’ என்று வாயைப் பிளக்கும். என் மகள் அதை நாலு பேருக்குச் சொல்லிப் பூரித்துப்போவாள். நான் கண்டுபிடித்ததற்கும் அவளுக்குத்தான் பெயர். அதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதறினேன், அது நடிப்பு இல்லை. பிறகு பார்சல் எப்போது வந்தது என்று கேட்டேன்.

அடுத்து ஒருவர் எழுதிவிட்டு, அவரே கூப்பிட்டார். அவர் வீட்டுக் குழந்தை மெத்தைமேல் விழுந்து நெற்றி வீங்கியிருந்தது. அவர் கோபமாக இருந்தார், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்றாவதாக எழுதியது ஒரு தாத்தா. மூன்றையும் ஒரே விதமாகத்தான் கையாண்டேன். பணம் திரும்பிப் போயிற்று, ஊஞ்சல் திரும்பி வந்தது, பார்சல்காரர் கணக்கில் மூன்று தாமதம் ஏறியது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு உயிர் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது சின்னதாக ஒன்று. எங்கோ தூரத்தில், முகம் தெரியாத ஒரு வீட்டில், ஒரு குழந்தைக்குக் கை பிசகும், இல்லை கால். அது என்னிடம் வராமல் நேரே ஊருக்குத் தெரிந்துவிடும். சின்னவள் முகத்தில் ஈயாடாது. எல்லோரும் அவளைப் பார்த்து, ‘நீயா இப்படி’ என்பார்கள். என் மகளும் சொல்வாள். அப்போது நான் கீழே இறங்கிப் போய் அவளைத் தாங்கிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு ஒரு காயம் போதும் என்பது என் கணக்கு.

இதற்குள் பேத்தி உட்காரத் தொடங்கிவிட்டாள். சின்னவள் அவளுக்கென்று மஞ்சள் துணியில் ஒரு ஊஞ்சல் தைத்தாள். மூன்று நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. அதை மகள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. போகிற வழியில் இரும்புக் கடையில் இறங்கி, தடித்த கொக்கி கேட்டேன். கடைக்காரர் இரண்டாகத்தான் விற்பேன் என்றார், வாங்கினேன். ஒன்றை அங்கேயே நின்று மாற்றினேன். பளபளத்த கொக்கியைச் சாக்கடையில் போட்டேன். நீங்கள் சோதிக்க விரும்பினால் என் மகள் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். அந்தக் கடையிலிருந்து சமீபத்தில் போன ஊஞ்சல்களில் கொக்கி மாறியிருப்பது அது ஒன்றில்தான். எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மகள் ஊஞ்சலை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது.

“எவ்வளவு உறுதியா இருக்கு பாரும்மா. சித்தி செஞ்சா செஞ்சதுதான்.”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? என் பேத்தியின் உயிரை என் கையால் காப்பாற்றிவிட்டு, அதற்கும் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்த இன்னொரு கொக்கியைப் பார்சல் மேசையின் இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

பார்சல்காரருக்கும் என் பேத்தி வயதில் ஒரு பெண் குழந்தை. போனில் படம் காட்டுவார், முன்பல் இரண்டும் தெரியச் சிரிக்கிற படம். ஒரு மத்தியானம் சின்னவள் பச்சைத் துணியில் தைத்த ஊஞ்சல் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். காசு வாங்கமாட்டேன் என்றாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மார்க் குறைந்து குறைந்து, அவருக்குக் கொடுக்கிற வழித்தடத்தையும் பாதியாக வெட்டிவிட்டார்கள் அந்தச் சமயத்தில். கண் கலங்கிவிட்டார்.

நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பளபளக்கிற கொக்கி அவர் கையிலிருந்து தொங்கியது. என் கை இழுப்பறைக்குப் போனது. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், என் கை போனது. இழுப்பறையைத் திறந்துவிட்டேன், நல்ல கொக்கி விரலில் தட்டுப்பட்டது. ‘அதைக் கொஞ்சம் குடுங்க, மாத்தித் தரேன்’ என்று சொல்ல வாயையும் திறந்தேன்.

அவர் அப்போது என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

“மேடம்கிட்ட வேலை பாக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்மா. என் கம்பெனி முதலாளியும் இருக்காரே.”

இத்தனை நாளும் அவர் என்னை அங்கே சம்பளத்துக்கு இருப்பவள் என்று நினைத்திருக்கிறார். சின்னவள், “ஐயையோ, அவங்க எங்க அக்காங்க, இந்த வீட்டுக்கே பெரியவங்க” என்று அவசரமாகச் சொல்லி என் தோளில் கை போட்டாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இழுப்பறையை மூடிவிட்டேன்.

அவர் ஊஞ்சலை மடித்துப் பையின் மேல் வைத்துக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளம்பினார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பச்சை நிறம் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். “பாப்பா இறங்கவே மாட்டேங்குது மேடம்” என்றார். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

பிறகு ஒரு நாள் பார்சல் எடுக்க வேறொருவர் வந்தார். அவர் லீவா என்று சின்னவள் கேட்டாள்.

“குழந்தை தவறிடுச்சும்மா. ஊஞ்சல்லேருந்து விழுந்து, தலையில அடி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிடுச்சாம்.”

சின்னவள் அப்படியே மேசைக்குக் கீழே சரிந்துவிட்டாள். நான்தான் அவளைத் தாங்கிப் பிடித்தேன். தண்ணீர் தெளித்தேன். என் மடியில்தான் கிடந்தாள். நான் நினைத்தது போலவே என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அக்கா” என்றாள். கொஞ்ச நேரம்தான். கண் விழித்ததும் எழுந்து போய், இருந்த கொக்கிகளை எல்லாம் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பார்த்துத் தப்பை அவளே கண்டுபிடித்தாள். கடையை மூடினாள். உங்களுக்கு அவளே போன் செய்தாள். ஊஞ்சல் வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாள். என் மகள் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் போட்டுக் கொடுத்தாள். திருப்பி அனுப்பிய மூன்று பேர் அந்தக் கணக்கில் வரவில்லை, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. என்னை ஒரு நம்பர் போடக்கூட யாரும் கூப்பிடவில்லை.

கடை அவள் பேரில் இருப்பதால் நீங்கள் அவளை அழைத்து வந்தீர்கள். அதுவும் சரிதான். வாசலில் உங்கள் ஆட்களிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. அக்காவுக்கு ஒன்னும் தெரியாது சார். அவங்க வேலை போன்ல பேசுறது மட்டும்தான்.”

மட்டும்தான் என்றாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், அவள் தலை குனிவாள் என்று தோன்றியது. ஊர் அவளைக் காறித் துப்பும் என்று தோன்றியது. நடந்தது என்ன? தெருவே உங்கள் வாசலில் வந்து நிற்கிறது. வாங்கிய அம்மாக்கள் அவளுக்காக எழுதுகிறார்களாம். ஒரு புகார்கூட வராத கடை, பாவம் அவள் என்ன செய்வாள், கொக்கிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருந்தது நான். இன்று காலையில் பார்சல்காரர் வந்தார். தாடி மண்டி, செருப்பில்லாமல் வந்தார். அவளை அடிப்பார் என்று நினைத்தேன். “மேடம் வேணும்னு செய்யல சார், விட்டுடுங்க” என்றார். அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற உங்கள் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அழுகையில் எனக்கு இடமே இல்லை.

நான் என் மகளிடம் போய், “வாம்மா, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரலாம்” என்றேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ போம்மா. உனக்கு இதுல என்ன இருக்கு? சித்திக்கு நான் இருக்கேன்.”

அதற்குப் பிறகுதான் உங்கள் அறைக் கதவைத் தட்டினேன்.

எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கொக்கி கெட்டது என்று எனக்குத் தெரியும், மூன்று பேர் எச்சரித்தார்கள், மூன்றையும் அழித்தேன், என் பேத்திக்கு மட்டும் மாற்றினேன், அந்தக் குழந்தைக்கு மாற்றவில்லை. மாற்றுக் கொக்கி என் கையில் இருந்தது. அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான், அவள் இல்லை. அழித்த குறிப்புகள் தளத்துக்காரர்களிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மூன்று பேர் நம்பரும் எனக்கு மனப்பாடம்.

உண்மை வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். செய்யாத தப்புக்கு ஒருத்தி உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு உதவி. விட்டதும் அவள் வீட்டுக்குப் போகமாட்டாள். எனக்குத் தெரியும், நேரே என்னைப் பார்க்கத்தான் வருவாள். என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். “அக்கா ஏதோ தெரியாம செஞ்சுட்டாங்க” என்று உங்களிடமே மன்றாடுவாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழந்தையைப் பறிகொடுத்தவர் வந்தால் உள்ளே விடுங்கள், அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவளை மட்டும் விடாதீர்கள். தெரிந்துதான் செய்தேன் என்பதை ஒரு வரிக்கு இரண்டு வரியாக எழுதுங்கள். அவளால் மன்னிக்க முடியாதபடி எழுதுங்கள்.